பூடில் முடிவெட்டு கருவி

பூடில் முடிவெட்டு கருவி என்பது பூடில் இன நாய்களின் சுருண்ட, ஓயாது வளரும் முடியை வெட்டிச் சீர்செய்யப் பயன்படும் மின் கைக்கருவி ஆகும். இது கிளிப்பர் என்றும், தமிழ்நாட்டு முடிதிருத்தகங்களின் பேச்சு வழக்கில் மெஷின் என்றும் அழைக்கப்படுகிறது. கருவியின் உடற்பகுதியும் அதன் முனையில் பொருத்தப்படும் பிளேடும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவை. வாங்குவோர் பெரும்பாலும் உடற்பகுதியைப் பற்றியே விசாரிக்கின்றனர். ஆனால் நாயின் தோலைத் தொடுவது பிளேடு மட்டுமே. வீட்டில் முடி வெட்டும்போது நேரும் காயங்களும் எரிச்சல்களும் பெரும்பாலும் பிளேடின் தவறான தேர்வாலோ அதன் சூட்டாலோ ஏற்படுகின்றன.

பூடிலின் முடி

பூடில், நீரில் விழுந்த வேட்டைப் பறவைகளை மீட்டு வரும் பணிக்காக வளர்க்கப்பட்ட இனம். இதன் பெயர் செருமன் மொழியில் நீரில் துழாவுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இந்தியக் கென்னல் கழகம் இணைந்துள்ள பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு இவ்வினத்தை உயரத்தைக் கொண்டு நான்காகப் பிரிக்கிறது. பெரிய வகை 45 செ.மீ.க்கு மேலும், நடுத்தர வகை 35 முதல் 45 செ.மீ. வரையும், சிறிய வகை 28 முதல் 35 செ.மீ. வரையும் இருக்கும். பொம்மை வகை 28 செ.மீ.க்குக் குறைவானது. இந்தியாவில் வீடுகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் கடைசி இரண்டு வகைகளே.

பெரும்பாலான நாயினங்களில் முடி ஒரு குறிப்பிட்ட நீளத்திற்கு வளர்ந்து, பின் உதிர்ந்து, மீண்டும் முளைக்கிறது. பூடிலின் முடியோ மனிதத் தலைமுடியைப் போல நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிரும் சிறிதளவு முடியும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. சீவாமல் விட்டால் இவ்வாறு சிக்கிய முடி கம்பளி போல் இறுகிச் சடையாகிவிடும். சடைக்கு அடியில் காற்றுப் புகாது, ஈரம் உலராது. மழைக்காலத்தில் அங்கே தோல் அழற்சியும் புண்ணும் தோன்றும். சடை வளர வளரத் தோலை இழுப்பதால் நாய்க்கு நடக்கும்போதே வலி உண்டாகும். ஆகவே பூடிலுக்கு முடிவெட்டுதல் அழகுக்கான செயல் மட்டுமன்று.

குட்டிப் பருவத்து மென்மையான முடி, ஏறத்தாழ ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் முதிர்ந்த முடியாக மாறும். இந்த மாற்றக் காலத்தில் சடை விழுவது மிக அதிகம். பல வீடுகளில் கருவி வாங்கும் எண்ணம் எழுவதும் இப்போதுதான். அதற்குள் நாய்க்குக் கருவியின் ஓசை பழகியிருந்தால் வேலை எளிது. மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதே, பிளேடு இல்லாமல் கருவியை ஓடவிட்டு உடலருகில் காட்டிப் பழக்குவது நல்லது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டின் நாட்டு இனங்களான இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் குட்டை முடி கொண்டவை. அவற்றுக்கு முடிவெட்டும் தேவையே எழுவதில்லை. இவற்றின் தாயகம் மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள வறண்ட சமவெளியும் மலையடிவாரமும் ஆகும். மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்திலுள்ள எழுமலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இதே நிலப்பரப்பில் அமைந்த பேரூராட்சி. இப்பகுதியில் நாய் வளர்ப்பு மரபு தொன்மையானது. எனினும் அம்மரபில் நாய்க்கு முடி வெட்டும் கலைக்கு இடமில்லை. சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களில் நாய்களுக்கான ஒப்பனையகங்கள் உள்ளன. எழுமலை போன்ற சிற்றூரில் பூடில் வளர்ப்பவர், நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஒரு முறை நாயைப் பேருந்திலோ வாடகை வண்டியிலோ நகரத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். அல்லது வீட்டிலேயே கருவி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்நிலப்பரப்பு முடிவெட்டும் முறையையும் ஓரளவு தீர்மானிக்கிறது. நெருஞ்சி முள், நாயுருவி விதை, ஊசிப்புல்லின் கூரிய விதை ஆகியவை பூடிலின் பாத முடியிலும் காது முடியிலும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஊசிப்புல் விதை விரலிடுக்கில் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடக்கூடும். பூடிலின் பாதத்தை விரல்கள் தெரியும்படி ஒட்ட வெட்டும் வழக்கம் ஐரோப்பிய ஒப்பனையாகவே பலராலும் கருதப்படுகிறது. மதுரைச் சமவெளியில் அதற்கு மிகவும் நடைமுறையான பயன் உண்டு. உண்ணிகளைப் பொறுத்தவரையிலும் இது பொருந்தும். நாய்களில் எர்லிச்சியா, பபேசியா நோய்களைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணி தென்னிந்தியாவில் ஆண்டு முழுவதும் காணப்படுகிறது. அடர்ந்த சுருள் முடிக்குள் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆறு மில்லிமீட்டர் முடிக்குள் எளிது.

ஆனால் கோடைக்காலம் என்பதற்காகத் தோல் தெரியும்படி மழித்துவிடுவது தவறு. முடி வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. வெள்ளை, பாதாமி நிறப் பூடில்களின் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் கன்றிவிடும். இதைவிடப் பெரிய தவறு, பூடிலுக்காக வாங்கிய கருவியைப் பொமரேனியனுக்கும் பயன்படுத்துவது. தமிழ்நாட்டில் பொமரேனியன் என்று வளர்க்கப்படுபவற்றுள் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ் வகை. இவ்விரண்டுக்கும் மேல்முடி, அடிமுடி என இரு அடுக்குகள் உண்டு. ஒட்ட வெட்டினால் முடி பல மாதங்களுக்குத் திரும்ப வளராமல் போகலாம்; வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக வளரலாம். அவற்றைச் சீவிவிடுவதே போதுமானது.

வரலாறு

விலங்குகளுக்கான முடிவெட்டும் இயந்திரங்கள் ஆட்டுக் கம்பளியிலிருந்தும் குதிரைப் பராமரிப்பிலிருந்தும் தோன்றின. ஆத்திரேலியாவில் பிரெடரிக் வுல்சிலி 1877 இல் கம்பளி வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இவ்வகை இயந்திரங்களில் விசை வேறிடத்தில் இருக்க, அங்கிருந்து தண்டு மூலம் கைப்பிடிக்குச் சுழற்சி வந்தது. கைக்குள்ளேயே மின்விசை அடங்கும் கருவி இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த லியோ வாஹ்ல் 1919 இல் மின்காந்த முடிவெட்டு கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1920களில் விசுகான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஆண்டிஸ், ஆஸ்டர் ஆகிய நிறுவனங்கள் தோன்றின. ஆஸ்டர் நிறுவனத்தின் ஏ5 என்ற மாதிரியில் பிளேடைத் திருகாணி இல்லாமல் கழற்றி மாட்ட முடிந்தது. இவ்வமைப்பைப் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டதால், இன்று ஒரு நிறுவனத்தின் ஏ5 வகைப் பிளேடு மற்றொரு நிறுவனத்தின் ஏ5 வகைக் கருவியில் பொருந்தும். வீட்டுப் பயனாளருக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. கருவி பழுதானாலும் பிளேடுகள் வீணாவதில்லை.

கருவியின் வகைகள்

விசை இயங்கும் முறையைக் கொண்டு கருவிகளை இரண்டாகப் பிரிக்கலாம். மின்காந்த வகையில் சுழலும் பகுதி ஏதுமில்லை. மாறுமின்னோட்டம் ஒரு சுருளைக் காந்தமாக்க, அது விற்சுருளுடன் இணைந்த இரும்புத் துண்டை ஈர்த்து விடுகிறது. மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஈர்ப்பு இருமுறை நிகழ்வதால், இந்தியாவின் 50 எர்ட்சு மின்சாரத்தில் நொடிக்கு 100, அதாவது நிமிடத்திற்கு 6000 அசைவுகள் உண்டாகின்றன. அசைவின் வீச்சு சிறியது, விசையும் குறைவு. மனிதருக்கான பல கருவிகள் இவ்வகையினவே. பூடிலின் அடர்ந்த உடல்முடியில் இவை திணறும்.

சுழல்மோட்டார் வகையில் சிறிய மோட்டாரின் சுழற்சி, பற்சக்கரங்களாலும் நெம்பாலும் பக்கவாட்டு அசைவாக மாற்றப்படுகிறது. அசைவு எண்ணிக்கை நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 முதல் 4500 வரை. எண்ணிக்கை குறைவு என்று இதை ஒதுக்கக் கூடாது. முறுக்கு விசை அதிகம் என்பதால் அடர்முடியை நிற்காமல் வெட்டும். இரு வேகம் உள்ள கருவியில் உடலுக்கு உயர் வேகத்தையும், முகம், பாதம் ஆகியவற்றுக்குத் தாழ் வேகத்தையும் பயன்படுத்தலாம். தாழ் வேகத்தில் ஓசையும் சூடும் குறைவு.

வெளிநாட்டில் வாழும் உறவினர் வாங்கி வரும் கருவிகள் குறித்துத் தனியே சொல்ல வேண்டியுள்ளது. அமெரிக்காவில் விற்கப்படுபவை 120 வோல்ட், 60 எர்ட்சு மின்சாரத்திற்கானவை. இங்குள்ள 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் சுருள் எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தாலும் சிக்கல் முழுவதும் தீராது. மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர அலைவெண்ணை மாற்றாது. நிமிடத்திற்கு 7200 அசைவுக்கு இசைவிக்கப்பட்ட மின்காந்தக் கருவி 6000 அசைவில் ஒத்திசைவை இழந்து, கடகடவென்று ஒலித்து, வலுவின்றி ஓடும். இது பழுதன்று. பக்கவாட்டுத் திருகாணியைத் திருப்பி ஓரளவு சரிசெய்யலாம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்னேற்றி கொண்ட மின்கல வகைக் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

லித்தியம் அயனி மின்கலக் கருவிகள் மின்தடையின்போதும் இயங்கும். பாதி வெட்டிய நாயுடன் மின்சாரத்திற்காகக் காத்திருக்கும் நிலை இவற்றால் தவிர்க்கப்படுகிறது. கம்பி இல்லாததால் நாய் திமிறும்போது சிக்கவும் செய்யாது. இணையக் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும் சிறு மின்கலக் கருவிகள் முகம், பாதம் ஆகியவற்றுக்குப் போதும். பொம்மை வகைப் பூடிலின் உடலுக்கும், முடி நன்கு சீவப்பட்டிருந்தால், போதும். பெரிய வகைப் பூடிலின் உடலை ஒருமுறை வெட்டி முடிப்பதற்குள் அவை சூடேறி நின்றுவிடும்.

பிளேடு எண்கள்

பிளேடு இரு பகுதிகளால் ஆனது. அடிப்பகுதி அசையாத சீப்பு. அதன் மேல் வெட்டும் பகுதி பக்கவாட்டில் ஓடும். அடிச்சீப்பின் பருமனே தோலின் மீது எவ்வளவு முடி எஞ்சும் என்பதை முடிவுசெய்கிறது. ஏ5 முறையில் எண் கூடக் கூட எஞ்சும் முடி குறைகிறது. மனிதருக்கான கருவியில் மாட்டும் சீப்புகளின் எண் இதற்கு நேர்மாறானது. முடிதிருத்தகத்தில் நான்காம் எண் என்றால் ஏறத்தாழ 13 மி.மீ.; முதலாம் எண் 3 மி.மீ. இப்பழக்கத்தில் "நாற்பது என்றால் நீளமாக விடும் போலும்" என்று எண்ணி 40 எண் பிளேடை வாங்குவோர் நாயை மழித்துவிடுகின்றனர். 40 எண் பிளேடு அறுவை மருத்துவத்திற்கு முன் தோலைத் துப்புரவாக்கப் பயன்படுவது.

எண் 3எஃப்: 13 மி.மீ.
எண் 4எஃப்: 9.5 மி.மீ.
எண் 5எஃப்: 6.3 மி.மீ.
எண் 7எஃப்: 3.2 மி.மீ.
எண் 10: 1.5 மி.மீ.
எண் 15: 1.2 மி.மீ.
எண் 30: 0.5 மி.மீ.
எண் 40: 0.25 மி.மீ.

இவை முடி படிந்திருக்கும் திசையில் வெட்டும்போது எஞ்சும் அளவுகள். நிறுவனத்திற்கு நிறுவனம் சிறிது மாறும். எதிர்த்திசையில் வெட்டினால் முடி மேலும் குட்டையாகும். எஃப் என்ற எழுத்து, பற்கள் அனைத்தும் ஒரே நீளமாக உள்ள நிறைபல் பிளேடைக் குறிக்கும். எஃப் இல்லாத 3, 4, 5, 7 எண்களில் ஒரு பல் நீண்டும் அடுத்தது குறுகியும் இருக்கும். இவ்விடைபல் பிளேடுகள் சடை விழுந்த முடிக்குள் எளிதில் நுழையும்; ஆனால் அகன்ற இடைவெளிக்குள் மெல்லிய தோல் மடிப்பும் நுழைந்து அறுபடும். வீட்டில் பயன்படுத்துவோர் இவற்றைத் தவிர்ப்பதே சரி.

தொடக்கத்தில் இரண்டு பிளேடுகள் போதுமானவை. முகம், தொண்டை, பாதம், வாலின் அடி, அடிவயிறு ஆகியவற்றுக்கு 10 எண். உடலுக்கு 5எஃப் அல்லது 4எஃப். 15 எண்ணால் முகம் இன்னும் வழுவழுப்பாகும்; ஆனால் தோல் பழகாத நாய்க்கு அது எரிச்சல் தரும். 30 எண் பிளேடை நேரடியாகத் தோலில் வைப்பதற்கன்றி, அதன் மேல் நீளச் சீப்பு மாட்டி 13 மி.மீ.க்கு மேற்பட்ட நீளங்களைப் பெறவே வீட்டில் வாங்கலாம். நீளச் சீப்பு, வேரிலிருந்து நுனிவரை சீவிய முடியில் மட்டுமே ஓடும். ஒரு சிறு சிக்கு இருந்தாலும் நின்றுவிடும்.

இதுவன்றி, ஒரு நெம்பை நகர்த்தி 9, 10, 15, 30, 40 ஆகிய ஐந்து நீளங்களைப் பெறும் மாற்றமை பிளேடு உண்டு. இது ஏ5 கருவிகளில் பொருந்தாது. தனக்கெனச் சிறிய, எடை குறைந்த கருவிகளைக் கொண்டது. பொம்மை வகைப் பூடிலுக்கு இது ஒன்றே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். பெரிய பூடிலின் முதுகிலும் தொடையிலும் விரைவில் மழுங்கும்.

பிளேடுகள் பொதுவாகக் குரோமியம் பூசிய உயர்கார்பன் எஃகால் ஆனவை. சிலவற்றில் மேலே ஓடும் பகுதி மட்டும் பீங்கானால் ஆனது. பீங்கான் மெதுவாகச் சூடேறும். நீண்ட நாள் கூர்மை குன்றாது. ஆனால் சிமெண்டுத் தரையில் ஒரு முறை விழுந்தால் பல் உடைந்துவிடும். உடைந்த பல் உள்ள பிளேடை எந்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

பயன்படுத்தும் முறை

வரிசை முக்கியமானது. முதலில் சீவுதல், பின் குளியல், பின் முற்றிலும் உலர்த்துதல், மீண்டும் சீவுதல், கடைசியில் வெட்டுதல். அழுக்கு முடியில் உள்ள மணல் பிளேடை ஒரே நாளில் மழுக்கிவிடும். ஈர முடி பற்களுக்கிடையே படிந்துபோய் வெட்டுப்படாது. சடை விழுந்த நாயைச் சீவாமல் குளிப்பாட்டினால் சடை மேலும் இறுகும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரில் சோப்பு, கசடாக முடியில் தங்கிவிடுவதால் நாய்களுக்கான சாம்புவைக் கொண்டு நன்கு அலசுவது நல்லது.

பிளேடின் அடிப்பகுதி தோலுக்கு இணையாகப் படிந்திருக்க வேண்டும். நுனி தோலைக் குத்தக் கூடாது. மறு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கருவியின் எடையே அழுத்தமாக இருக்கும்படி மெதுவாக நகர்த்த வேண்டும். அக்குள், தொடையும் வயிறும் சேரும் மடிப்பு, பின்னங்கால் குதிநரம்பின் மேலுள்ள தோல், காதின் விளிம்பு, முலைக்காம்புகள் ஆகியவை எளிதில் வெட்டுப்படும் இடங்கள். சடையை வெட்ட வேண்டியிருந்தால் 10 எண் பிளேடைச் சடைக்கும் தோலுக்கும் இடையே சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். கத்தரிக்கோலால் சடையை வெட்ட முயல்வது, வீட்டில் ஆழமான காயங்கள் ஏற்பட ஒரு பொதுவான காரணம். தோல் சடைக்குள் இழுபட்டு மேலெழுந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. உடல் முழுவதும் சடையாகிவிட்ட நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முறை.

உராய்வால் பிளேடு சில நிமிடங்களில் சூடாகும். பிடித்திருப்பவரின் கைக்கு அது தெரியாது; நாய் திமிறுவதைக் குறும்பு என்று அதட்டுவதும் நடக்கிறது. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் கழற்றிச் சமையலறைக் கடப்பைக்கல் மேடையில் வைத்தால் கல் வெப்பத்தை விரைவில் இழுத்துக்கொள்ளும். ஒரே எண்ணில் இரு பிளேடுகள் இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

சூட்டாலோ ஒட்ட வெட்டியதாலோ தோல் சிவந்து எரிவது கிளிப்பர் எரிச்சல் எனப்படும். வெட்டி முடித்த சில மணி நேரத்தில் நாய் முகத்தைத் தரையில் தேய்ப்பதும், பாதத்தை விடாமல் நக்குவதும் இதன் அறிகுறிகள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி, நாய் சொறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள காலமைன் போன்ற துத்தநாக ஆக்சைடு கலந்த மருந்துகளைப் பூசக் கூடாது. நாய் அவற்றை நக்கினால் நஞ்சாகும். மறுநாளும் சிவப்பு குறையாவிட்டாலோ நீர் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன்னும் பின்னும் பிளேடின் பற்களிலும் இருபுறத் தடங்களிலும் சில துளி எண்ணெய் விட்டு, சில நொடிகள் ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். கருவியுடன் வரும் எண்ணெய் தீர்ந்தபின் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்துவது பரவலான பழக்கம். அது நாளடைவில் பிசினாகப் படிந்து பிளேடை இறுக்கிவிடும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். தையல் இயந்திர எண்ணெய், கருவியுடன் வருவதைப் போன்ற இலேசான கனிம எண்ணெயே ஆகையால் மாற்றாக ஏற்றது. நாய் நக்காதபடி மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். பிளேடைத் தண்ணீரில் கழுவினால் துருப்பிடிக்கும்.

மழுங்கிய பிளேடை மிதிவண்டியில் சாணைக்கல்லுடன் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கக் கூடாது. கத்தி, அரிவாள்மனை ஆகியவற்றுக்கு விளிம்பில் சரிவு பிடிக்க வேண்டும். கிளிப்பர் பிளேடுக்கோ உராயும் முகம் முழுவதும் மிக மெல்லிய குழிவாகத் தேய்க்கப்பட வேண்டும். இதற்கெனச் சற்றே கூம்பிய சுழல் தட்டில் உராய்துகள் தூவித் தீட்டுகின்றனர். சாணைக்கல்லில் ஒருமுறை பட்ட பிளேடின் இரு பகுதிகளும் பின்னர் ஒன்றோடொன்று படிவதில்லை. தீட்டும் வசதி அருகில் இல்லாத ஊர்களில் புதிய பிளேடு வாங்குவதே சிக்கனமாக முடியும்.

குடும்பத்தினர் பயன்படுத்தும் டிரிம்மரை நாய்க்கும் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். மைக்ரோசுபோரம் கேனிசு என்னும் பூஞ்சையால் நாய்க்கும் பூனைக்கும் வரும் படர்தாமரை மனிதருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், தொற்றக்கூடியது. நோயுற்ற நாயின் முடித் துகள்களில் அதன் வித்துகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். பக்கத்து வீட்டு நாய்க்கு இரவல் கொடுத்த பிளேடையும், பற்களிலுள்ள முடியைத் தூரிகையால் நீக்கி, பூஞ்சைக்கொல்லி கொண்ட பிளேடு நீர்மத்தால் துப்புரவாக்கிய பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.